மாலரின் விளம்ப காலப் பகுதிகளைக் கேட்பது எப்படி? அடாஜியெட்டோ முதல் பத்தாவது சிம்பொனி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் சிம்பொனிகளில் (பல பகுதிகள் கொண்ட ஆர்கெஸ்ட்ரா படைப்புகளில்) இருக்கும் மெதுவான பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து ஒரே ஆல்பமாக வெளியிடும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அட்டையில் ஏரியோ மூடுபனியோ இருக்கும், மேலே 'அடாஜியோ', அதாவது மெதுவான காலம், என்று போட்டிருக்கும். 1995-ல் டாய்ச்ச கிராமபோன் நிறுவனம், ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ஹெர்பர்ட் வான் கராயன் நடத்திய மெதுவான பகுதிகளைத் தொகுத்து 'அடாஜியோ' என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டது. உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்த அந்த ஆல்பம் மாலரின் அடாஜியெட்டோவில்தான் தொடங்கும்.

இப்படி ஒரு தொகுப்பு வழியாகத்தான் நானும் மாலரிடம் வந்து சேர்ந்தேன். அதனால் தொகுப்பு கேட்பதைக் குறையாக நினைக்க மாட்டேன். ஒன்றரை மணி நேர சிம்பொனியை எடுத்த எடுப்பில் கேள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனால் தொகுப்பில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. மாலரின் ஒவ்வொரு விளம்ப காலப் பகுதியும் தனக்கு முன்னால் நடந்த ஏதோ ஒன்றுக்குச் சொல்லும் பதில். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைத்தால் எல்லாம் ஒரே மாதிரி அழகாக, ஒரே மாதிரி சோகமாகக் கேட்கும். அப்புறம் தூங்குவதற்கான இசை என்று பெயர் வாங்கிவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போவது இதுதான்: தொகுப்பில் இருக்கும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பக் கொண்டுபோய் வைப்பது. ஒரு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். இசைக் கோட்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: ஒலியளவைச் சரியாக வையுங்கள்

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மாலரின் மெதுவான பகுதிகள் காதில் விழுமா விழாதா என்ற அளவில் தொடங்கி, முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக முழங்கும் இடம் வரை போகும். நான் முதன்முதலில் நான்காவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியை ஓர் இரவில் கேட்டபோது, மெல்லிய தொடக்கம் தெளிவாகக் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன். கடைசிக்குச் சற்று முன்னால் ட்ரம்பெட்டும் ஹார்னும் டிம்பனி என்ற பெரிய முரசும் ஒன்றாக வெடித்தபோது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. எனக்கும் அந்த இடத்தின் அழகு பயத்தில் போய்விட்டது.

எனவே பகுதியின் மிக உரத்த இடத்தை முதலில் சில நொடிகள் ஓட்டிப் பாருங்கள். அது காதை உறுத்தாத அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, தொடக்கத்துக்கு வாருங்கள். மெல்லிய இடங்கள் கொஞ்சம் தூரத்தில் கேட்டால் பரவாயில்லை, அறை அமைதியாக இருந்தால் போதும். மின்விசிறி ஓடும் அறையில் ஹெட்ஃபோன் தான் வழி.

கைபேசிச் செயலியில் கேட்பவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். பாடல்களின் ஒலியளவைத் தானே சமப்படுத்தும் வசதியும் அணைந்திருக்கட்டும். ஒரு டிராக்கையும் அடுத்ததையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேட் கூடவே கூடாது. மாலர் சில பகுதிகளை இடைவெளியே இல்லாமல் அடுத்ததோடு கோர்த்திருக்கிறார். அந்தத் தையல் எங்கே இருக்கிறது என்று கேட்பதுதான் இங்கே பாதி வேலை.

இரண்டாம் படி: அடாஜியெட்டோ, மூன்று முறை

ஐந்தாவது சிம்பொனியின் நான்காம் பகுதி இது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் கருவிகள் குறைவு. தந்திக் கருவிகளும் ஒரு ஹார்ப்பும் மட்டும்தான். மற்ற பகுதிகளில் முழங்கிய பித்தளைக் கருவிகள், மரக் குழல்கள், தாளக் கருவிகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மொத்தம் 103 பார்கள் (தாள அளவுகள்).

முதல் முறை கேட்கும்போது முதல் வயலின்களின் மெட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எஃப் சுரத்தை ஸ என்று வைத்துக்கொண்டால் மெட்டு ப, த, நி என்று தயங்கி ஏறும். அந்த நி-யில் நின்று ஏங்கிவிட்டுத்தான் ஸ-வைத் தொடும். தொட்ட பிறகும் முழு நிம்மதி கிடைக்காது, ஏனென்றால் கீழே இருக்கும் இசை அதற்குள் நகர்ந்திருக்கும். இந்தப் பகுதி முழுக்க இந்த ஒரே ஏக்கம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாம் முறை ஹார்ப்பைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அது சின்னச் சின்ன அலைகளாக மெட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். நடுப்பகுதி வந்ததும் ஹார்ப் நின்றுவிடும். தந்திகள் மட்டும் ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்துகொண்டே போகும், காலடியில் தரை இல்லாதது போல இருக்கும். பிறகு வயலின்கள் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்க, பழைய மெட்டு திரும்பும். கூடவே ஹார்ப்பும் திரும்பும். வீடு திரும்பியது போன்ற அந்த உணர்வுக்குப் பாதிக் காரணம் ஹார்ப் என்பது அப்போதுதான் புரியும்.

மூன்றாம் முறை பகுதி முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்ததற்குள் போய்விடுங்கள். தந்திகள் அடங்கியதும் ஒற்றை ஹார்ன் ஒரு சுரத்தை ஊதும், விடிந்துவிடும். அந்த இறுதிப் பகுதியில், அடாஜியெட்டோவின் நடுவில் கேட்ட மெட்டு வேகமாக, துள்ளலாக, சிரித்துக்கொண்டு வரும். இதைக் கேட்ட யாரும் அடாஜியெட்டோவை மறுபடி ஒப்பாரியாகக் கேட்க மாட்டார்கள்.

அது ஏன் ஒப்பாரியாகக் கேட்கத் தொடங்கியது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1968 ஜூன் 8 அன்று, சுட்டுக் கொல்லப்பட்ட ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில், நியூயார்க்கின் புனித பேட்ரிக் தேவாலயத்தில் நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இதை வாசிக்க வைத்தார். 1971-ல் லூகினோ விஸ்கோன்டி தன் 'வெனிஸில் மரணம்' படம் முழுக்க இதைப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகு அடாஜியெட்டோ என்றாலே சாவு என்று ஆகிவிட்டது.

மாலருக்கு அப்படி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஐந்தாவது சிம்பொனியை அவர் எழுதியது 1901, 1902 கோடைகளில். இடையில், 1901 நவம்பரில் ஆல்மா ஷிண்ட்லரைச் சந்தித்தார். 1902 மார்ச்சில் திருமணம். ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய வில்லெம் மெங்கல்பெர்க், மாலரின் நெருங்கிய நண்பர். அவர் தன் ஸ்கோரில் (எழுதப்பட்ட இசைப் பிரதியில்) ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: அடாஜியெட்டோ ஆல்மாவுக்கு மாலர் சொன்ன காதல், கடிதத்துக்குப் பதிலாக இதன் கைப்பிரதியை அனுப்பினார், அவளும் புரிந்துகொண்டு வரச்சொல்லி எழுதினாள், இருவருமே இதை என்னிடம் சொன்னார்கள் என்று.

மூன்றாம் படி: காலப்பிரமாணத்தை ஒப்பிடுங்கள்

இப்போது அதே அடாஜியெட்டோவை வெவ்வேறு நடத்துநர்களிடம் கேட்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எனக்கு மாலரைப் பற்றிப் படித்துத் தெரிந்ததைவிட இதில் தெரிந்ததுதான் அதிகம்.

மெங்கல்பெர்க் 1926-ல் பதிவு செய்தது சுமார் 7 நிமிடம். மாலரிடம் உதவியாளராக இருந்த புரூனோ வால்டர் 1938-ல் வியன்னாவில் பதிவு செய்தது சுமார் 8 நிமிடம். மாலரை நேரில் அறிந்த இந்த இருவரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகிறார்கள். கராயன் 1973-ல் 12 நிமிடத்தை எட்டுகிறார். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் பெர்னார்ட் ஹைட்டிங்க் 1988-ல் பதிவு செய்ததோ ஏறக்குறைய 14 நிமிடம். அதே சுரங்கள், இரண்டு மடங்கு நேரம்!

மெங்கல்பெர்க்கையும் ஹைட்டிங்கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெங்கல்பெர்க்கின் பதிவு பழையது, இரைச்சல் இருக்கும். ஆனால் வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழுத்துக்கொண்டே போவதைக் கேட்கலாம். வாயால் பாடுவது போலவே இருக்கும். ஜாருவுக்குப் பழகிய நம் காதுக்கு அது அந்நியமாகவே தெரியாது. ஹைட்டிங்கிடம் மெட்டு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போல.

என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். 7 முதல் 10 நிமிடத்துக்குள் போகும் வாசிப்புகளில்தான் ப-த-நி-ஸ ஒரே மூச்சில் வருகிறது. ஜான் பார்பிரோலி 1969-ல் நியூ ஃபில்ஹார்மோனியாவுடன் செய்த பதிவு 10 நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரே ஒரு பதிவுதான் வாங்குவேன் என்பவர்கள் அதை வாங்கலாம்.

நான்காம் படி: நான்காவது சிம்பொனி, கதவு திறக்கும் இடம்

குழந்தையை எழுப்பிய பகுதி இதுதான். ஏறக்குறைய 20 நிமிடம். கீழ்த் தந்திகள் மெல்லப் பாட, அவற்றுக்கும் அடியில் டபுள் பேஸ்கள் விரலால் மீட்டிக்கொண்டு நடக்கும். அந்த நடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பகுதி முழுக்க இரண்டு மனநிலைகள் மாறி மாறி வரும். ஒன்று மிக அமைதியானது, மற்றது ஓபோ கொண்டுவரும் துயரம். எல்லாம் அடங்கி முடியப்போகிறது என்று நினைக்கும்போது, முன்னறிவிப்பே இல்லாமல் ஈ மேஜரில், அதாவது ஈ சுரத்தை ஸ-வாகக் கொண்ட சுருதியில், ஒரு பேரொளி. தொடக்கத்தில் பேஸ்கள் மெல்ல மீட்டிய அந்த நடையை இப்போது டிம்பனி இடியாக அடிக்கும்.

தொகுப்பில் கேட்டால் இது ஒரு திடீர் அதிர்ச்சி, அவ்வளவுதான். அடுத்த பகுதியோடு சேர்த்துக் கேட்டால் வேறு கதை. அடுத்தது சொர்க்கத்தில் வாழும் ஒரு குழந்தையின் பார்வையில் ஒரு சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) பாடும் பாட்டு. மாலர் அதை 1892-லேயே எழுதி வைத்துவிட்டார். சிம்பொனியின் மற்றப் பகுதிகளை 1899, 1900-ல் அதை நோக்கிப் பின்னோக்கிக் கட்டினார். பேரொளியில் ட்ரம்பெட்டும் ஹார்னும் முழக்கியது இந்தப் பாட்டின் மெட்டைத்தான். ஜி மேஜரில் தொடங்கும் பாட்டு, பூமியில் எந்த இசையும் எங்கள் இசைக்கு ஈடில்லை என்ற வரிகளுக்கு வரும்போது ஈ மேஜருக்கு மாறி, அங்கேயே அடங்கிவிடும். ஆக, முன்பு ஒரு கணம் திறந்து மூடிய கதவுக்குள் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஜார்ஜ் செல் 1965-ல் கிளீவ்லேண்ட் ஆர்கெஸ்ட்ராவுடன் ஜூடித் ராஸ்கினைப் பாடவைத்துச் செய்த பதிவில் ஒவ்வொரு இழையும் தெளிவாகக் கேட்கும்.

ஐந்தாம் படி: ஆறாவது சிம்பொனி, இரண்டு வரிசைகளில்

ஆறாவது சிம்பொனியின் மெதுவான பகுதியான ஆண்டான்டே, மெட்டு என்ற அளவில் எளிமையானது. இதில் கவனிக்க வேண்டியது மாட்டு மணிகள். ஆல்ப்ஸ் மலை மேய்ச்சல் நிலங்களில் மாடுகளின் கழுத்தில் கட்டும் அதே மணிகளை ஆர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்திருக்கிறார். மனித நடமாட்டத்தை விட்டு உயரத்துக்கு வந்துவிட்டோம் என்பதை அந்த ஒலி சொல்லிவிடும்.

இந்தப் பகுதியின் இடமே ஒரு வழக்காக இருந்தது. மாலர் முதலில் ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான பகுதியை இரண்டாவதாகவும் ஆண்டான்டேயை மூன்றாவதாகவும் வைத்தார். 1906 மே மாதம் எஸ்ஸன் நகரில் அரங்கேற்றத்துக்கான ஒத்திகையின்போது மாற்றிக்கொண்டு, அதன்பின் தான் நடத்திய கச்சேரிகளில் ஆண்டான்டேயை இரண்டாவதாகவே வாசித்தார். 1963-ல் எர்வின் ராட்ஸ் பதிப்பித்த ஸ்கோர் பழைய வரிசைக்குப் போனது, பல பதிவுகள் அதைப் பின்பற்றின. 2003-ல் சர்வதேச மாலர் சங்கம் ஆண்டான்டே இரண்டாவது என்று அறிவித்தது.

செயலியில் நீங்களே வரிசையை மாற்றி இரண்டையும் கேட்டுப்பாருங்கள். முதல் பகுதியின் இராணுவ நடைக்கு உடனே பின்னால் வந்தால் ஆண்டான்டே ஓய்வு. ஸ்கெர்ட்ஸோ அதே நடையை மறுபடி கோரமாக அடித்த பிறகு வந்தால் அதே ஆண்டான்டே அடைக்கலம். எனக்கு இரண்டாவது அனுபவம்தான் ஆழமாக இறங்குகிறது, மாலரின் கடைசி முடிவு வேறாக இருந்தாலும். கராயனின் 1970-களின் பதிவு பழைய வரிசை. கிளாடியோ அப்பாடோ 2004-ல் பெர்லினில் நடத்தியது மாலரின் வரிசை.

ஆறாம் படி: மூன்றாவது சிம்பொனியின் முடிவு

இதற்கு ஒரு விடுமுறை நாள் ஒதுக்குங்கள். முழு சிம்பொனி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். முதல் பகுதி மட்டுமே அரை மணியைத் தாண்டும். அவ்வளவு முடியாவிட்டால் நான்காம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். நள்ளிரவு இருட்டில் ஓர் ஆழ்ந்த பெண்குரல் நீட்சேயின் வரிகளைப் பாடும். அது முடிந்ததும் சிறுவர்கள் மணியோசையை வாயாலேயே 'பிம் பம்' என்று பாடுவார்கள், நாலே நிமிடம். இடைவெளி இல்லாமல் தந்திகள் தொடங்கும். இந்தத் தையலில் உங்கள் செயலி அரை நொடி விக்கினாலும் மாயம் கலைந்துவிடும்.

இறுதிப் பகுதி 22 முதல் 25 நிமிடம். மாலர் முதலில் இதற்குக் கொடுத்திருந்த தலைப்பு 'அன்பு எனக்குச் சொல்வது'. பிறகு தலைப்புகளை நீக்கிவிட்டார். மெட்டு பெரியது, அவசரமே இல்லாதது. மூன்று முறை இசை உயர்ந்துபோய் ஒரு வலியில் மோதும். கடைசி மோதலுக்குப் பிறகு ஒற்றைப் புல்லாங்குழல் தனியாக இறங்கிவரும். அதன் பின்னால் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் முதல் மெட்டை மிக மெல்லிய குரலில் எடுக்கும். பித்தளைக் கருவிகளை இவ்வளவு மென்மையாக ஊதுவது வாசிப்பவர்களுக்கு உயிர் போகும் வேலை. மொத்தப் பகுதியிலும் நான் காத்திருப்பது இந்த இடத்துக்காகத்தான்.

முடிவில் இரண்டு டிம்பனிக் கலைஞர்கள் ஸ-வும் ப-வும் மாறி மாறி அடிப்பார்கள். முரட்டு பலத்தோடு வேண்டாம், நிறைந்த, உயர்ந்த நாதமாக இருக்கட்டும் என்று மாலர் ஸ்கோரில் எழுதியிருக்கிறார். ஒரு பதிவு நல்ல பதிவா என்று பார்க்க இதுவே போதும். டிம்பனி குத்துவது போல விழுந்தால் வேறொன்றுக்குப் போய்விடுங்கள். யாஷா ஹோரன்ஸ்டைன் 1970-ல் லண்டன் சிம்பொனியுடன் செய்ததும், அப்பாடோ வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் செய்ததும் அந்த வார்த்தையை மதிப்பவை.

ஏழாம் படி: ஒன்பதாவதும் பத்தாவதும்

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குத்தான் இது. 1907 ஜூலையில் மாலரின் மூத்த மகள் மரியா நான்கு வயதில் இறந்தாள். அதே கோடையில் அவருடைய இதயத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. ஒன்பதாவது சிம்பொனியை 1909 கோடையில் டோப்லாக்கில் எழுதினார். அதன் அரங்கேற்றத்தைக் கேட்க அவர் இல்லை. 1911 மே 18 அன்று காலமானார். 1912 ஜூனில் வியன்னாவில் புரூனோ வால்டர் நடத்தினார்.

இறுதி அடாஜியோவுக்கு முன்னால் மூன்றாம் பகுதியைக் கட்டாயம் கேளுங்கள். பரபரப்பான, கசப்பான இசை. அதன் நடுவில் திடீரென்று எல்லாம் விலகி, ட்ரம்பெட் ஒரு மெதுவான வாக்கியத்தைப் பாடும். ஒரு சுரத்தைச் சுற்றி மேலும் கீழும் தொட்டுவிட்டு வரும் சின்னச் சுழிப்பு அது. பரபரப்பு அதை மிதித்துவிட்டுப் போய்விடும். அந்தப் பகுதி வெறியோடு முடிந்ததும் வயலின்கள் மட்டும் தனியாக எழும்பும், அடாஜியோ தொடங்கும். அதன் உள்ளே முழுக்க, ஒவ்வொரு குரலிலும், அதே சுழிப்பு. மிதிபட்டது இப்போது முழு இசையாக வளர்ந்திருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் தந்திகள் மட்டுமே மிஞ்சும். முதல் வயலின்கள் 'குழந்தைகளின் மரணப் பாடல்கள்' தொகுதியிலிருந்து ஒரு வரியை மெல்ல நினைவுகூரும். அந்த உயரங்களில் நாள் அழகாக இருக்கிறது என்ற வரி. அந்தப் பாடல்களை மாலர் எழுதி முடித்தது 1904-ல், தன் மகள் இறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. எதையும் கற்பனை செய்துகொள்ளாமல், இந்தத் தகவலை மட்டும் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பதிவு? வால்டர் 1938 ஜனவரி 16 அன்று வியன்னாவில் நடத்திய கச்சேரியின் பதிவு. இறுதிப் பகுதி 18 நிமிடம்தான். பெர்ன்ஸ்டைன் 1985-ல் ஆம்ஸ்டர்டாமில் ஏறக்குறைய அரை மணி எடுத்துக்கொண்டார். 1938 பதிவில் இருமல் சத்தம்கூடக் கேட்கும். முதல் வயலின்களின் தலைமை நாற்காலியில் ஆர்னல்ட் ரோஸே, மாலரின் தங்கை கணவர், 1881 முதல் அங்கே இருப்பவர். இரண்டு மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர்களான வால்டரும் ரோஸேயும் அந்த நாட்டில் இருக்க முடியாமல் போனது. ஒலித்தரம் குறைவுதான். தெளிவு வேண்டுமானால் பார்பிரோலி 1964-ல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் அடுத்த டிராக் தானாக ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 2010-ல் லூசெர்னில் அப்பாடோ இதை நடத்தி முடித்தபோது இரண்டு நிமிடத்துக்கு யாரும் கை தட்டவில்லை. காணொளியில் அதையும் பார்க்கலாம்.

பத்தாவதின் அடாஜியோவை அன்றே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். 1910 கோடையில், ஆல்மாவுக்கும் கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோபியஸுக்கும் இடையிலான உறவு தெரியவந்த அதே கோடையில், எழுதியது. நடுவில் ஒன்பது வெவ்வேறு சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி ஓலமிடும், ட்ரம்பெட் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். மாலர் முழுமையாக்கிவிட்டுப் போக முடியாத சிம்பொனி இது. மாலரின் வரைவுகளை வைத்து இசை ஆய்வாளர் டெரிக் குக் அமைத்த வடிவத்தில் ஐந்து பகுதிகளையும் பிறகு ஒருநாள் கேட்கலாம்.

ஆனால் இப்போதைக்குத் தொடக்கம் போதும். ஒன்பதாவதின் கடைசி மூச்சில் அசைந்துகொண்டிருந்தது எந்தக் கருவி என்று நினைவிருக்கிறதா? வியோலா. சுழிப்பின் கடைசி மிச்சத்தை அதுதான் வைத்திருந்தது. பத்தாவது தொடங்கும்போது மேடையில் வேறு யாரும் வாசிப்பதில்லை. வியோலாக்கள் மட்டும், துணை இல்லாமல், 15 பார்கள்.